கருவாடும் கருப்பட்டியும் ஆன்லைனில்: எந்த வழியில் விற்றால் யாருடைய விவரம் யார் கையில் போகும்?

பாம்பனில் என் சித்தி வீட்டு அலமாரியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. கருவாடு வாங்குகிறவர்களின் கணக்கு அதில்தான். ஆளுக்கு ஒரு வரி. பெயர், ஊர், போன் நம்பர், என்ன வாங்குவார், எவ்வளவு பாக்கி. சில வரிகளில் கூடுதலாக ஒன்றிரண்டு வார்த்தை இருக்கும். கீழக்கரை லாத்தா (இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவரின் பெயருக்கு எதிரே சித்தி எழுதியிருந்தது இது: "நெத்திலி அரைக் கிலோ, தலை கிள்ளினது. வீட்டுக்காரர் துபாயில். பகலில் ஆள் இருக்காது, பக்கத்து வீட்டில் கொடுக்கணும்."

பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுக்கு விவரம் தெரியட்டும் என்று எழுதிய வரி. அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஒரு நாள் பழைய பையன் வரவில்லை, புதுப் பையன் வந்தான். அவனுக்காக அந்தப் பக்கத்தை அப்படியே போனில் படமெடுத்து டெலிவரி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தக் குழுவில் இருபத்திரண்டு பேர். பாதிப் பேரைச் சித்தி நேரில் பார்த்ததுகூட இல்லை. எந்த வீட்டில் ஆண் துணை இல்லை, எந்த வீடு பகலில் பூட்டிக் கிடக்கும் என்ற பட்டியல் இருபத்திரண்டு போன்களில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் ராமநாதபுரத்தில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். சித்தியின் மகளிர் குழுவில் பதினொரு பேர். நெத்திலி, வாளை, சீலா என்று கிடைக்கிற மீனை உப்புப் போட்டுக் காயவைக்கிறார்கள். சாயல்குடிப் பக்கமிருந்து கருப்பட்டி வாங்கிப் பொட்டலம் போடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்தச் சமயத்தில் கையிருப்புக் கருவாட்டுக்கு மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேட்டு வருவார்கள். இதை ஆன்லைனில் ஒழுங்காகச் செய்யலாமே என்று குழுவில் பேச்சு வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தன: வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பக்கமும் விளம்பரமும், பெரிய விற்பனைத் தளங்கள், சொந்த வலைத்தளம்.

எதில் அதிகம் விற்கும் என்றுதான் ஆரம்பித்தோம். அந்த நோட்டுப் பக்கம் வெளியே போன பிறகு என் கேள்வி மாறிவிட்டது. எந்த வழியில் போனால், மற்றவர்கள் நம்மை நம்பிக் கொடுத்ததை நம்மால் காப்பாற்ற முடியும்? பதினொரு பெண்கள், இரண்டு ஸ்மார்ட்போன், ஒரு வங்கிக் கணக்கு. இவ்வளவுதான் இருக்கிறது என்ற நிலையில் எதற்கு நாம் பொறுப்பேற்க முடியும்? கீழே உள்ள ஒப்பீடு இதை வைத்துத்தான். விற்பனைக் கணக்கு எனக்கு இரண்டாம்பட்சம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வியாபாரிகள் செய்யவேண்டிய முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம், நடைமுறைக்கு வருகின்றன. இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைக்கலாம். பழக்கத்தை மாற்ற அந்த நாள் போதாது என்பதை எங்கள் குழுவிலேயே பார்த்தேன்.

இந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. காகிதத்தில் எழுதிய நோட்டு அலமாரியில் இருக்கும்வரை அது இந்தச் சட்டத்துக்குள் வராது. அதைப் படமெடுத்த நொடியில் அது டிஜிட்டல் தரவாகிவிடுகிறது. அதே வரி, அதே கையெழுத்துதான். போனுக்குள் போனதும் பொறுப்பு வந்துவிடுகிறது. ஊரில் முக்கால்வாசிச் சிறு வியாபாரம் இப்படித்தானே நடக்கிறது?

சட்டத்தின் சாரம் எளிது. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கவேண்டும். சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தவேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று விவரம் கொடுத்தவர் சொன்னால், சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ அவ்வளவு எளிதாக விலகவும் முடியவேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமின்றி, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வாய்ப்புத் தரவேண்டும். ஆக, தமிழில் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரம் என்றால் பெற்றோரின் சம்மதம் சரிபார்க்கக்கூடிய விதத்தில் வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி. அந்தத் தொகை பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்துச் சொன்னது. ஆனால் சிறியவர்களுக்குக் கடமையே கிடையாது என்று அதற்குப் பொருள் இல்லை.

வாட்ஸ்அப்: குழுவா, பட்டியலா, சேனலா?

எல்லோரும் முதலில் கை வைப்பது இங்கேதான். செலவில்லை, பழகியது, படம் போட்டதும் ஆர்டர் வரும். ஆனால் வாட்ஸ்அப் என்பதற்குள்ளேயே மூன்று தனி வழி இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல என்பதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம்.

முதலில் குழு ஆரம்பித்தோம். 'பாம்பன் கருவாடு' என்று பெயர். இரண்டு வாரத்தில் நூற்று எண்பது பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு, நான் மேலே சொன்ன அதே லாத்தாவுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு வீடியோ கால். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி வந்தது. மறுநாள் "உங்க குரூப்புல பார்த்தேன்" என்று ஒரு செய்தி. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரியும். நாம் கருவாடு விற்கத்தான் குழு தொடங்கினோம். கூடவே நூற்று எண்பது பேரின் நம்பரையும் ஒருவருக்கொருவர் விநியோகம் செய்துவிட்டோம். லாத்தா சித்தியைத் திட்டவில்லை. குழுவை விட்டு வெளியேறிவிட்டு, "இனிமே நான் நேர்லயே வாங்கிக்கிறேன் ஆத்தா" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரை முழுக்க வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். கடலுக்குப் போனவர்கள் ராத்திரி வீட்டில் இல்லாத குடும்பங்களும் அப்படியே. இங்கே ஒரு பெண்ணின் போன் நம்பர் என்பது சின்ன விஷயம் இல்லை. சட்டப் புத்தகத்தில் தனியுரிமை என்று எழுதியிருப்பது, இந்தக் கரையில் ராத்திரி பத்தரை மணிக்கு அடிக்கிற போன்.

குழுவில் இன்னொரு ஓட்டை அழைப்பு இணைப்பு. அதை ஒருவர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தால் போதும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். 2020 பிப்ரவரியில் இப்படி வெளியே பகிரப்பட்ட இணைப்புகள் கூகுள் தேடலிலேயே கிடைத்தன என்று செய்தி வந்தது நினைவிருக்கலாம்.

இரண்டாவது, பிராட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் இதன் நல்ல அம்சம். சேமித்து வைத்தவர் ஏதோ ஒரு விதத்தில் "சரி, அனுப்பு" என்று சொன்னவர்.

மூன்றாவது, சேனல். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. பின்தொடர்கிறவரின் நம்பர் மற்றவர்களுக்கும் தெரியாது, சேனல் நடத்துகிறவரின் நம்பரும் வெளியே தெரியாது. பிடித்தால் பின்தொடரலாம், பிடிக்காவிட்டால் யாரிடமும் சொல்லாமல் விலகலாம். இன்று என்ன மீன், என்ன விலை என்று சொல்ல இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை. ஆர்டர் மட்டும் வாட்ஸ்அப் பிசினஸ் கணக்குக்குத் தனியாக வரட்டும். அந்தக் கணக்குக்கென்று தனி சிம் வாங்கிவிடுங்கள். சித்தியின் சொந்த நம்பர் அதில் கூடாது.

இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின் நம்பர் (PIN) போடாமல் வியாபாரக் கணக்கு நடத்தவே கூடாது. ஓடிபியை ஏமாற்றி வாங்கிக் கணக்கைக் கைப்பற்றினால், திருடன் நம் பெயரில் நம் வாடிக்கையாளர்களிடமே "அவசரம், ஐயாயிரம் அனுப்புங்க" என்று கேட்பான். பணம் போவது அவர்களுடையது. போகிற பெயர் நம்முடையது.

வாட்ஸ்அப்போடு சேர்த்தே சொல்லவேண்டிய ஒன்று, நம்பர் பட்டியல் விற்கிறவர்கள். "ராம்நாடு, மதுரை, சிவகங்கை ரெண்டு லட்சம் நம்பர் இருக்கு" என்று எங்களுக்கும் ஒருவர் வந்தார். விலை கேட்கக்கூட நான் விடவில்லை. அந்த இரண்டு லட்சம் பேரில் ஒருவர்கூட நமக்குச் சம்மதம் கொடுத்தவர் இல்லை. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப நினைக்கிறவர்களுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 ஒழுங்குமுறை இருக்கிறது. அனுப்புகிறவரின் பெயர், செய்தியின் வாசகம் இரண்டையும் முன்பே பதிவு செய்யவேண்டும். வேண்டாத விளம்பரச் செய்தி வந்தால் 1909இல் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்: நம்பர் பத்திரம், வாய் பத்திரமா?

இங்கே வாடிக்கையாளரின் நம்பர் நம்மிடம் வராது, அவர்களாகக் கொடுத்தால்தான் உண்டு. அந்த வகையில் நல்லது. இங்கே ஆபத்து வேறு: நாம் சொல்கிற சொல், நாம் போடுகிற படம்.

பக்கம் தொடங்கிய வாரமே எங்கள் குழுவில் ஒருவர் எழுதிக் கொடுத்த வாசகம்: "சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம், உடன்குடி கருப்பட்டி, முழுக்க இயற்கை." மூன்று சொற்றொடர், மூன்றிலும் பிரச்சினை.

கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான். வெள்ளைச் சீனியைவிட மணமும் குணமும் கூடுதல் என்பதை நான் மறுக்கவில்லை, எங்கள் வீட்டில் காபிக்கு அதுதான். ஆனால் அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும். நம் பேச்சை நம்பி ஒரு நீரிழிவு நோயாளி தினமும் இரண்டு கட்டி போட்டுக்கொண்டால் அந்தப் பாவம் யாருடையது? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு தவறான உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைக்கிறது. நோயைக் குணப்படுத்தும் என்றே எழுதிவிட்டால் 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டமும் குறுக்கே வரும். அதன் அட்டவணையில் நீரிழிவு இருக்கிறது.

உடன்குடி என்ற பெயர் இன்னும் நுணுக்கம். உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற பொருள். சாயல்குடியில் வாங்கியதை அந்தப் பெயரில் விற்றால் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். எனக்கு இதில் சட்டத்தைவிட மனத்தாங்கல் அதிகம். சாயல்குடியிலும் கடலாடியிலும் பனையேறுகிறவர் காலையில் மரம் ஏறி இறக்கிய பதநீர் அது. அவருடைய ஊர்ப் பெயரை மறைத்து இன்னொரு ஊர்ப் பெயரை ஒட்டினால் இரண்டு ஊரையும் ஏமாற்றுகிறோம். நம் மாவட்டத்தின் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் குறியீடு கிடைத்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அந்தப் பெயரில் வேறு எங்கோ விளைந்ததை விற்றால் நமக்குப் பொறுக்குமா? 'சாயல்குடிக் கருப்பட்டி' என்றே எழுதினோம். நன்றாகவே போகிறது.

'இயற்கை', 'சுத்தமானது', 'பாரம்பரியமானது' போன்ற பொருளில் வரும் சொற்களுக்கும் உணவு விளம்பரங்களுக்கான 2018 ஒழுங்குமுறை நிபந்தனைகள் வைத்திருக்கிறது. சும்மா அழகுக்குச் சேர்க்கிற சொற்கள் இல்லை அவை. "உப்பும் வெயிலும் தவிர வேறு எதுவும் சேர்க்கவில்லை" என்று எழுதினோம், அது உண்மை என்பதால். காயவைக்கிற இடத்தில் ஈ வராமல் இருக்க மருந்து அடிக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்துவிட்டு இந்த வரியை எழுதுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் படங்கள். கடற்கரையில் பெண்கள் மீன் பரப்புகிற காட்சி பார்க்க அழகாக இருக்கும், பகிர்வும் அதிகம் வரும். நாங்கள் போட்ட முதல் படத்தில் ஓரமாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒன்பது வயது, ஓலைப்பெட்டியோடு நிற்கிறாள். விளையாட்டாக வந்து நின்றவள். படத்தைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா வந்து, "மதினி, எம் புள்ளைய வேலைக்கு விட்டிருக்கோம்னு ஊரு நெனைக்காதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றே அந்தப் படத்தை நீக்கிவிட்டோம். ஆனால் அதற்குள் அது பல பேர் பகிர்ந்துவிட்ட படம். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் ஈரச் சேலையோடு கரையேறுவதைச் சுற்றுலா வருகிறவர்கள் கேட்காமல் படமெடுத்துப் போடுவதைப் பற்றி இங்கே எவ்வளவு பேசியிருப்போம்! அதையே நாம் வியாபாரத்துக்காகச் செய்யக்கூடாது. படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் கேட்பது, பிள்ளைகளின் படம் போடவே போடாமல் இருப்பது என்று இப்போது வைத்திருக்கிறோம். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட மீனவர் குடும்பங்களின் கண்ணீரை வைத்து "இவர்களுக்கு உதவ வாங்குங்கள்" என்று விளம்பரம் எழுதலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். அந்தக் குடும்பத்துக்கு அதில் ஒரு பைசா போகாது என்றால் அது பொய். போனாலும், அவர்களைக் கேட்காமல் கூடாது.

காசு வாங்கிக்கொண்டு பாராட்டிப் பேசுகிற ரீல்ஸ்காரர்கள் விஷயம் சுருக்கமாக. எங்களிடம் வந்தவர் பொருளும் பணமும் கேட்டார், ஆனால் 'விளம்பரம்' என்று போடமாட்டேன் என்றார், போட்டால் யாரும் பார்க்கமாட்டார்களாம். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களும், 2023 ஜனவரியில் வந்த விளக்கமும் இதில் தெளிவாக இருக்கின்றன. பணம் மட்டுமல்ல, இலவசமாகப் பொருள் வாங்கியிருந்தாலும் அதைத் தெரியும்படி சொல்லவேண்டும். மறைத்தால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். எங்களுக்கு அவர் வேண்டாம் என்று சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

விளம்பரம் ஓட்டிக் கொடுக்கிற ஒரு தம்பி, "அக்கா, நோட்டுல இருக்கிற நம்பரையெல்லாம் எக்செல்ல போட்டுக் குடுங்க, அதை ஏத்தினா அவங்களை மாதிரியே ஆளுங்களுக்கு விளம்பரம் போகும்" என்றார். தொழில்நுட்பப்படி அவர் சொன்னது சரி. நான் மறுத்துவிட்டேன். லாத்தா நம்பர் கொடுத்தது நெத்திலி வந்தால் சொல்வதற்கு. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் விளம்பர இயந்திரத்துக்குத் தீனி போடுவதற்கு இல்லை. ராமேஸ்வரம் பாதையில் ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவு, சமையலில் ஆர்வம் என்று பொதுவாகக் குறிவைத்து விளம்பரம் போட்டாலே எங்களுக்குப் போதும்.

ஒரு இடைச்செருகல். ராமேஸ்வரம் கடைகளைப் பார்த்து, "பவளப்பாறை, கடல்குதிரை அலங்காரப் பொருளும் சேர்த்துப் போட்டால் என்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பவளமும் கடல்குதிரையும் கடல் அட்டையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. இந்தப் படத்தை ஆன்லைனில் போடுவது நம் குற்றத்துக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுப்பது.

பெரிய விற்பனைத் தளம்

இதில் வாடிக்கையாளர் விவரத்தைக் காப்பது பெரும்பாலும் தளத்தின் வேலை. பணம் அவர்கள் வழியாக வரும், கார்டு விவரம் நம் கண்ணில் படாது. எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதற்குப் பதிலாக நாம் கொடுப்பது கமிஷன். கூடவே வாடிக்கையாளர் நம்முடையவர் என்ற உறவு. தளம் நாளைக்கு நம் கணக்கை முடக்கினால் நம்மிடம் ஒருவரும் மிஞ்சமாட்டார்.

காகித வேலை உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இல்லாமல் உணவுப் பொருளை ஏற்றமாட்டார்கள் (வாட்ஸ்அப்பில் விற்றாலும் அது வேண்டும், அங்கே கேட்பார் இல்லை என்பதுதான் வித்தியாசம்). தளத்தில் விற்க முன்பு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஒரே மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகள் பான் எண்ணை வைத்துச் சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு, ஜிஎஸ்டிக்கான விற்பனை வரம்புக்குள் இருக்கும்வரை பதிவு இல்லாமலே விற்கலாம். பெங்களூருக்கு அனுப்ப ஆசைப்பட்டால் கதை மாறும்.

ஆனால் இந்த வழியில் எனக்கு உறுத்தியது வேறொன்று. பொட்டலத்தின் மேல் எடை, விலை, பொட்டலமிட்ட மாதம், பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு எல்லாம் இருக்கவேண்டும். இது வாங்குகிறவரின் உரிமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தளத்திலும் இந்த விவரங்களில் பெரும்பாலானவை தெரியவேண்டும். வீட்டிலிருந்தே பொட்டலம் போடுகிற பெண்ணுக்கோ, அது தன் வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் நாடு முழுக்க ஒட்டிவைப்பது. வாடிக்கையாளரின் தனியுரிமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், விற்கிற பெண்ணின் தனியுரிமை யார் கண்ணிலும் படுவதில்லை. எங்கள் குழுவில் மூன்று பேர் இதனால்தான் தயங்கினார்கள், அதில் ஒருவர் கணவரை இழந்து தனியாக இருப்பவர். முகவரியை மறைப்பது சட்டவிரோதம். அதனால் பொட்டலம் போடுகிற வேலையைக் குழுவின் பொது அறைக்கு மாற்றி, அந்த முகவரியில் பதிவு வாங்கினோம். வாடகை கூடுதல். கொடுக்கத் தகுந்த வாடகை.

கருவாட்டுக்கு இந்த வழி அவ்வளவாகப் பொருந்தவில்லை. வாசனையால் கூரியரில் தகராறு, திரும்பி வந்தால் மறுபடி விற்க முடியாது. கருப்பட்டிக்குப் பொருந்தும்.

சொந்த வலைத்தளம்

பார்க்கக் கௌரவமாக இருக்கும், கமிஷன் இல்லை. எங்களுக்கு இப்போது வேண்டாம் என்பதே என் முடிவு, காரணம் நேரடியானது. முகவரி, நம்பர், யார் எதை வாங்கினார் என்ற வரலாறு எல்லாம் ஒரே இடத்தில் சேரும், அதற்குக் காவல் நாம்தான். தளத்தின் மென்பொருளை மாதாமாதம் புதுப்பிக்கவேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல்லை ஊழியர் மாறும்போதெல்லாம் மாற்றவேண்டும். 2022 அக்டோபர் முதல் வியாபாரிகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு (CERT-In) இட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் போன்ற சம்பவம் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் குறைதீர்ப்பு அலுவலர் வேண்டும், புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்கின்றன. சம்மதப் பெட்டியில் நாமே முன்கூட்டி டிக் போட்டு வைக்கவும் அதில் தடை இருக்கிறது. 'இன்னும் இரண்டே பாக்கெட்தான்' என்று பொய்யாகப் பதறவைப்பது முதல் 13 வகையான ஏமாற்று வடிவமைப்புகளை 2023 நவம்பரில் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறார்கள்.

தளம் கட்டிக்கொடுக்கிறவர் கட்டிவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகு ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்ள எங்களில் யார் இருக்கிறார்கள்? அப்படி ஒருவர் இருக்கிற குழுவுக்கு இது நல்ல வழிதான்.

எந்த வழியானாலும் வருகிற திருடன்

போன தடைக்காலத்தில் சித்திக்கு ஒரு அழைப்பு. இந்தியில் தொடங்கி உடைந்த தமிழுக்கு வந்தார். பாதுகாப்புப் படை முகாமின் உணவகத்துக்கு நாற்பது கிலோ வாளைக் கருவாடு வேண்டும் என்றார். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் என்று இருக்கிற ஊர்ப்பக்கம் இது, நம்பாமல் இருக்க முடியாது. சீருடையில் ஒரு அடையாள அட்டைப் படமும் வந்தது. "எங்க முறைப்படி முதல்ல நீங்க ஒரு ரூபா ஸ்கேன் பண்ணணும், அப்புறம் முழுப் பணமும் உங்க கணக்குக்கு வரும்" என்று ஒரு க்யூஆர் படம். ஒரு ரூபாய் போனது, இரண்டு ரூபாய் திரும்பி வந்தது. நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டபோது குழுக் கணக்கிலிருந்து பதினெட்டாயிரம் போய்விட்டது.

பணம் நமக்கு வருவதற்கு யூபிஐ பின் நம்பர் (PIN) தேவையே இல்லை, ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. இந்த ஒரு வரியைக் குழுவின் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே போன் செய்ததால் ஒரு பகுதியை வழியிலேயே முடக்க முடிந்தது. நேரம்தான் இதில் எல்லாம். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை யோசித்தால் பணம் நான்கு கணக்கு தாண்டிப் போய்விடும். பொருள் வாங்குகிறவர் அனுப்புகிற பணம் செலுத்திய ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். நம் படங்களைத் திருடி நம் பெயரிலேயே போலிப் பக்கம் திறந்து முன்பணம் வாங்குவதும் நடக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் அதற்கு மூன்று வருடம் வரை சிறை. எங்கள் உண்மையான யூபிஐ பெயர் என்ன என்பதைச் சேனலின் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம், வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இப்போது பாம்பன் குழுவின் நிலை இது. வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தாயிற்று. கருவாட்டுக்கு வாட்ஸ்அப் சேனல், ஆர்டருக்குத் தனி சிம்மில் பிசினஸ் கணக்கு. இன்ஸ்டாகிராமில் பொருளின் படம், கையின் படம், கடலின் படம். கருப்பட்டியை மட்டும் அடுத்த பருவத்தில் தளத்தில் ஏற்றலாம், அதுவும் தமிழ்நாட்டுக்குள். பழைய வாட்ஸ்அப் குழுவிலிருந்த நூற்று எண்பது பேரில் தொண்ணூற்றுச் சொச்சம் பேர்தான் சேனலுக்கு வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள். உங்கள் குழுவில் கணினி தெரிந்த பெண் பிள்ளை ஒருவர் நிரந்தரமாக இருந்தால், அல்லது விற்பது கருவாடு இல்லாமல் பனை ஓலைப் பொருளாக இருந்தால், கணக்கு வேறு மாதிரி வரலாம்.

டெலிவரிக் குழுவில் போட்ட அந்தப் படத்தை நீக்கினோம். ஒவ்வொருவரிடமும் போன் செய்து கேலரியிலிருந்தும் நீக்கச் சொன்னோம். நீக்கினார்களா என்பது அவரவருக்குத்தான் தெரியும். இப்போது பையனுக்குப் பெயரும் இடமும் மட்டும், அன்றைய ஆர்டருக்கு மட்டும், தனியாகப் போகிறது.

போன வாரம் சித்தி லாத்தா வீட்டுக்கு நேரில் போனார். நானும் கூடப் போனேன். நடந்ததையெல்லாம், படம் வெளியே போனது உட்பட, சித்தியே சொன்னார். லாத்தா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, தன் பெயர் இருந்த வரியைத் தேடிப் படித்தார். சித்தி பேனாவை எடுத்து 'வீட்டுக்காரர்' என்பதிலிருந்து வரியின் கடைசி வரைக்கும், எழுத்துத் தெரியாத அளவுக்கு அழுத்தி அழுத்தி அடித்தார். நெத்திலி அரைக் கிலோ, தலை கிள்ளினது என்பது மட்டும் மிச்சம் இருந்தது. "அது இருக்கட்டும்" என்றார் லாத்தா.